ஊர் அனுப்பிய ஆள்

புதிதாக எஸ்.ஐ. ஆகியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அதிகாரி என் வீட்டுக்கே வந்து, "தலைமைப் பண்பு பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார். கேட்ட இடம் தப்பு. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் தோளில் நட்சத்திரத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, இன்ஸ்பெக்டராகவே இருந்து இன்ஸ்பெக்டராகவே ஓய்வு பெற்றவன் நான். ஏன் அப்படி நின்றுபோனேன் என்று வேண்டுமானால் எழுதலாம். அதைத்தான் எழுதியிருக்கிறேன். வீரதீரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இதில் வரும் அத்தனை நாளும் நான் பயந்துகொண்டேதான் இருக்கிறேன்.

காரைக்கால் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் அடுத்த மாநிலம். வாஞ்சூரைத் தாண்டிச் சைக்கிளை மிதித்தால் மூச்சு வாங்குவதற்குள் நம் அதிகாரம் முடிந்துவிடும். நமக்கு மேலே இருப்பவர்கள் பாண்டிச்சேரியில். ஆயுதப்படை வேண்டும் என்று கேட்டால், அவர்கள் வேனில் ஏறி அடுத்த மாநிலத்து ரோட்டில் நாலு மணி நேரம் வந்தாக வேண்டும். அதுவரை நீங்களும் உங்கள் பத்துப் பன்னிரண்டு கான்ஸ்டபிள்களும்தான். தண்ணீர் பாதி, வயல் பாதி சூழ்ந்த தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நான் பிடித்த திருடர்களில் பாதிப் பேர் என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்கள்.

எழுபதுகளில் பாண்டியிலிருந்து இங்கே மாற்றலாகி வரும் அதிகாரிகள் பெட்டியைப் பிரிக்கவே மாட்டார்கள். முகங்கள் பழகுவதற்குள் சிபாரிசு பிடித்துத் திரும்பிவிடுவார்கள். கடைசியில் மேலே யாருக்கோ யோசனை வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளையே எஸ்.ஐ.யாக எடுத்து, இந்த ஊரை நடத்தும்படி தயார்செய்தால் என்ன? எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி வந்த முதல் கூட்டத்தில் ஒருவனை என்னிடம் விட்டார்கள். ஒரு வருஷம் என்னோடு இருப்பான். முடிவில் இவன் தேறுவானா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று நான் எழுதித் தர வேண்டும்.

பெயர் நூருதீன். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மூத்த பிள்ளை. மாமன்மார்கள் எல்லாரும் வளைகுடாவில். இவனுக்கும் விசா தயாராக இருந்ததாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காக்கிச் சட்டைக்கு வந்திருக்கிறான். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, அழகான கையெழுத்து. கேள்வி கேட்பான். எனக்கு அது பிடிக்காது. கேள்வி கேட்காமலே நான் நன்றாகத்தான் இருந்தேன்.

எனக்கு வேலை கற்றுத்தந்தவர் ஒரு பழைய எஸ்.ஐ. நல்ல மனிதர், யாரையும் கைநீட்டி அடிக்காதவர், அதனால் பெயர் வேண்டாம். அவர் சொல்லித் தந்த முக்கியமான பாடம் இது: "கடக்கரையில தகராறுன்னா ஆளத் தேடிக்கிட்டு அலையாத. ஊரக் கேளு. ஊரு ஆளக் குடுக்கும்." மீனவர் ஊர்களில் நாட்டார் என்று தலைவர்கள் உண்டு. அவர்கள் கூடிப் பேசி ஒருவரை அனுப்பிவைப்பார்கள். வருகிறவர்தான் அடித்தவரா என்று யாரும் தோண்ட மாட்டார்கள். அடிதடிக் கேஸ், இரண்டு மூன்று மாதம் உள்ளே இருப்பார். அவர் வருகிற வரை அவர் வீட்டுக்கு மீனில் பங்கு போய்க்கொண்டிருக்கும். வெளியே வந்தால் ஊரில் மரியாதை. ஸ்டேஷனில் கேஸ் முடிந்துவிடும், கடற்கரையில் சண்டை நின்றுவிடும். வெளியூர் அதிகாரியாக இருந்தால், "என்னய்யா இது?" என்று முதல் நாளே கேட்டிருப்பார். நான் சுரக்குடிக்காரன், உள்ளூர் ஆள். எனக்கு அது வழக்கம். பத்து வருஷம் அப்படியே செய்து, அமைதியாக வைத்திருக்கிறார் என்று நல்ல பெயரும் வாங்கினேன்.

நூருதீன் வந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை, கட்டுமரங்கள் கரை வந்த நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மீனவர் ஊர்களுக்கு இடையே சண்டை. வலையை அறுத்துவிட்டார்கள் என்று தெற்கு ஊர்க்காரர்கள் கேட்கப் போக, அது கைகலப்பாகி, வடக்கு ஊரைச் சேர்ந்த முருகையன் என்பவருக்குத் துடுப்பால் தலையில் அடி. ஊர்ப் பெயர்களைச் சொல்லாமல் வடக்கு, தெற்கு என்றே சொல்கிறேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். முருகையனைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் கடற்கரைக்குப் போனபோது, இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் நிற்கிறார்கள். கையில் துடுப்பு, கட்டை, கிடைத்தது எல்லாம். நடுவில் நானும் நூருதீனும் ஆறு கான்ஸ்டபிள்களும். எங்கள் வேனைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஓட வேண்டி வந்தாலும் ஓட முடியாது.

தெற்கு ஊர் நாட்டார்களில் மூத்தவரைத் தனியே கூப்பிட்டேன்.

"நாளைக்குக் காலையில ஆளு வரணும்."

"வரும்ங்கய்யா."

அவ்வளவுதான் பேச்சு. அவர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டியதும் அவருடைய ஆட்கள் கலைந்தார்கள். அதைப் பார்த்து வடக்கு ஊரும் கலைந்தது. மணலில் திரும்பி நடக்கும்போது நூருதீன் பக்கத்தில் வந்து கேட்டான்.

"எந்த ஆளு சார் வருவாரு?"

"வர்ற ஆளு வருவாரு."

மறுநாள் பத்து மணிக்கு நாட்டார் இரண்டு பேர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கலியபெருமாள் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். குளித்து, முகச்சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வந்து நின்றார். "நான்தாங்க அடிச்சேன்" என்றார். துடுப்பையும் கொண்டுவந்திருந்தார்கள். பார்த்ததாகச் சொல்ல மூன்று சாட்சிகள் வெளியே வேப்பமரத்தடியில் தயாராக நின்றார்கள். இவ்வளவு ஒழுங்காக வரும் கேஸைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி.

கைதுக் குறிப்பை நூருதீனை எழுதச் சொன்னேன். பயிற்சி என்று சொல்லிக்கொண்டேன். அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தான்.

"சார், அடிபட்டப்ப இவரு கடலுக்குள்ள இருந்ததா ஏட்டய்யா சொல்றாரு. இவங்க மரம் பின்னாடிதான் கர வந்துச்சாம்."

"ஏட்டய்யாவா கேஸ் நடத்துறாரு?"

"இல்ல சார், விசாரிச்சுட்டு எழுதலாமேன்னு..."

"தம்பி, ஒனக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அப்புறம் நான் ஒன்னப் பத்தி எழுதணும். ஞாபகம் இருக்கா?"

மிரட்டலாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னால் மிரட்டல் இல்லை என்று அப்போது நினைத்தேன். அவன் தலையைக் குனிந்து எழுதி, கையெழுத்துப் போட்டான். கலியபெருமாளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் சப்ஜெயிலில் விட்டோம். பாண்டிக்கு டிரங்க் கால் போட்டு, ஆள் கிடைத்துவிட்டார், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னேன். பாராட்டினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தஞ்சாவூரிலிருந்து செய்தி வந்தது. முருகையன் இறந்துவிட்டார்.

அடிதடிக் கேஸ் கொலைக் கேஸ் ஆகிவிட்டது. நீங்கள் சட்டம் படித்தவர்கள், உங்களுக்கு விளக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கென்று போய் உட்கார்ந்திருக்கும் மனிதன் இப்போது ஆயுளுக்கு உள்ளே இருக்க வேண்டும்; தூக்குக்கூடச் சட்டத்தில் இருக்கிறது. சாட்சிகள் மூன்று பேரும் சொன்னதையே சொல்வார்கள். அவரும் மாற்றிச் சொல்ல மாட்டார். துடுப்பு எங்கள் அறையில் சீட்டுக் கட்டி இருக்கிறது. அப்படி ஒரு கச்சிதமான கேஸை என் சர்வீஸில் நான் ஜோடித்ததில்லை.

நாட்டாரை வரச்சொன்னேன். மூத்தவர் மட்டும் வந்தார். கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டேன்.

"அடிச்சது யாரு?"

"கலியபெருமாளுதாங்க. எழுதிட்டீங்களே."

"பெரியவரே, மூணு மாசக் கேஸ் இல்ல இப்ப இது. ஆளு செத்துட்டாரு."

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அடிச்ச பயலுக்கு மூணு புள்ளைங்கய்யா. எல்ல தாண்டி மாமியா வூட்ல கெடக்குறான். கலியபெருமாளு பொஞ்சாதி செத்து அஞ்சு வருசமாச்சு. புள்ளகுட்டி இல்ல. அவனுக்குப் பின்னாடி அழறதுக்கு ஆளு இல்லீங்க. ஊரு சொன்னது சொன்னதுதான். இப்ப மாத்துனா வடக்கு ஊருக்காரன் சும்மா இருப்பானா? எங்கள ஏமாத்திட்டீங்களான்னு வந்துருவான். ஒரு சாவு பத்துச் சாவாயிடும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வடக்கு ஊரில் அப்போது பிணம் இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்ததும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பாண்டியிலிருந்து படை கேட்டேன், வருகிறது என்றார்கள், வரவில்லை. வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். போன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். அடிக்காவிட்டால் லைன் அறுந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்ப்பேன். அடக்கம் முடிகிற வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆள் உள்ளே இருக்கிறான் என்ற ஒன்றுதான் வடக்கு ஊரை உட்கார வைத்திருந்தது.

அதற்கு அடுத்த நாள் சப்ஜெயிலுக்குப் போனேன். கலியபெருமாள் வாயால் மாற்றிச் சொல்லிவிட்டால் என் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் போனேன், ஒளிக்காமல் சொல்கிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"முருகையன் போயிட்டாராமே. நல்ல மனுசன். எங்கப்பாவோட ஒரே மரத்துல போனவரு" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "இப்ப எத்தினி மாசங்க ஆவும்?"

கோர்ட்டில் சொல்வார்கள் என்று என்னவோ உளறிவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாது. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது மாதிரிக் கேட்டார்.

ஸ்டேஷனுக்கு வந்தால் பாண்டியிலிருந்து போன். என் மேலதிகாரி. கெட்டவர் இல்லை, பலமுறை எனக்காகப் பேசியவர். வடக்கு ஊர்க்காரர் யாரோ தந்தி கொடுத்திருக்கிறார்கள்: உள்ளே இருப்பவன் உண்மையான ஆள் இல்லை, போலீஸ் உடந்தை என்று. அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"கைதுக் குறிப்பு யாரு எழுதினது?"

"நூருதீன் சார்."

"ப்ரொபேஷனரா? கையெழுத்தும் அவனுதா?"

"ஆமா சார்."

"அப்ப என்னய்யா, பிரச்சினை முடிஞ்சுது. அனுபவம் இல்லாத பையன், விசாரிக்காம அரஸ்ட் பண்ணிட்டான். உங்களுக்குத் தெரியாது. அவன்கிட்ட ஒரு விளக்கம் எழுதி வாங்கிக்குங்க. அவன வீட்டுக்கு அனுப்பிட்டு, கேஸ வேற ஆள வெச்சு ஆரம்பிக்கலாம். அடுத்த பிரமோஷன் லிஸ்ட்ல நீங்க இருக்கீங்க, நெனவிருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நூருதீன் கதவருகே நிற்கிறான். ஸ்டேஷன் போனில் பேசுவது எதிரே இருப்பவருக்குக் கேட்காமல் இருந்ததே இல்லை. முகம் வெளுத்திருந்தது. ஆனால் தெளிவாகப் பேசினான்.

"நானே எழுதிக் குடுத்துர்றேன் சார். தப்பு என்னோடதுன்னு. ஒங்களுக்கு மூணு பொண்ணுங்க இருக்காங்க. எனக்கென்ன சார், கல்யாணம்கூட ஆவல. வாப்பா ரெண்டு நாள் திட்டுவாங்க. அப்புறம் கடையில ஒக்காந்துருவேன்."

இங்கே நான் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சம்பவத்தை நாலைந்து பயிற்சி வகுப்புகளில் வாயால் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில், "வேணாம் தம்பி என்று அப்போதே தடுத்தேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். கைதட்டுவார்கள். அது பொய். நான் சொன்ன வார்த்தை, "சரிப்பா, ஒன் இஷ்டம்."

அவன் உட்கார்ந்து அந்த அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினான். நான் வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "என்னங்க, நாலு நாளா பேயறஞ்ச மாரி இருந்தீங்க, இப்பத்தான் மொகம் தெளிஞ்சிருக்கு" என்றாள் என் மனைவி. எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். கெண்டை மீன் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் கோர்ட். கேஸ் பிரிவு மாறியதை மாஜிஸ்டிரேட்டிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கலியபெருமாளையும் கூட்டிவந்திருந்தார்கள். கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் அவர், பக்கத்தில் நூருதீன். நான் இரண்டு அடி தள்ளித் தூணில் சாய்ந்து நின்றேன். என் பையில் அந்தக் காகிதம்.

கலியபெருமாள் நூருதீனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காச்சலா? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே."

"எனக்காவ வருத்தப்படாதீங்க. நானா ஒத்துக்கிட்டு வந்ததுதானே. எனக்கென்ன தம்பி, பின்னாடி அழ ஆளா இருக்கு?"

எனக்கென்ன. முந்தின நாள் என் அறையில் நின்று நூருதீன் சொன்னதும் அதே பேச்சுதான். ஊர் ஒரு ஆளைத் தேடியது; மனைவி இல்லை, பிள்ளை இல்லை என்று பார்த்து ஒருவரை எடுத்துக் கொடுத்தது. நானும் ஒரு ஆளைத் தேடினேன். கல்யாணம் ஆகாதவன், எதிர்த்துப் பேச முடியாதவன் என்று பார்த்து ஒருவனை எடுத்து வைத்திருக்கிறேன். நாட்டாராவது ஊரைக் காப்பாற்ற அதைச் செய்தார். நான் என் பிரமோஷனைக் காப்பாற்றச் செய்தேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஓடிவிடலாமா என்றிருந்தது. உண்மையாகச் சொன்னால், உள்ளே போனது தைரியத்தால் இல்லை. அந்த இரண்டு பேர் முன்னால் இன்னும் ஒரு நிமிஷம் நிற்க என்னால் முடியவில்லை.

மாஜிஸ்டிரேட் தன் அறையில் இருந்தார். அனுமதி கேட்டு உள்ளே போய், நின்றபடியே சொன்னேன். "ஐயா, உள்ள இருக்கிறவரு அடிச்சவர் இல்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் கைது பண்ண வெச்சேன். கையெழுத்துப் போட்டவன் பயிற்சியில இருக்கிற பையன். அவன் விசாரிக்கணும்னு கேட்டான், நான் விடல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல, இன்ஸ்பெக்டர்?"

"தெரியும் ஐயா."

"வடக்கு ஊர்ல என்ன ஆகும்னு?"

"அது தெரியலீங்க ஐயா."

"எழுதிக் குடுங்க" என்றார். முதல் காகிதத்தில் மையைக் கொட்டிவிட்டேன். இரண்டாவது காகிதம் கொடுத்தார். நூருதீனின் கடிதத்தை வெளியே வந்து கிழித்துப் போட்டேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல முகம் இல்லை.

அடுத்த ஐந்து நாள் என் வாழ்க்கையில் நான் பட்ட பயத்துக்கு அளவே இல்லை. செய்தி கடற்கரைக்குப் போய்விட்டது. வடக்கு ஊரில் கூட்டம் கூடியது. தெற்கு ஊர்க்காரர்களின் வலைகள் சில எரிந்தன. ஒரு கட்டுமரத்தை வெட்டிப் போட்டார்கள். நல்லவேளை, இந்தத் தடவை அதற்குள் படை வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை. ஒருவர் செத்திருந்தாலும் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் நன்றாக முடியும் என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் தயாராக இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது.

விசாரணை வேறு அதிகாரிக்கு மாறியது. சாட்சிகள் ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்ததும், அடித்தவனை எல்லைக்கு அப்பாலிருந்து நாட்டாரே கூட்டிவந்து ஒப்படைத்தார்கள். என் மேல் துறை விசாரணை. பிரமோஷன் லிஸ்டிலிருந்து பெயர் போயிற்று, ஊதிய உயர்வு நின்றது. போனில் பேசிய அதிகாரி அதற்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நூருதீனுக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். உங்களுக்குக் கீழே ஒரு புதியவன் வருவான். அவன் பயம் உங்கள் கையில் இருக்கும். அதை வைத்து வேலை வாங்குவது ரொம்பச் சுலபம், யாருக்கும் தெரியவும் தெரியாது. எனக்கே தெரியாமல் பத்து வருஷம் அதைத்தான் செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

கலியபெருமாள் வெளியே வந்த அன்று சப்ஜெயில் வாசலில் நின்றேன். நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"நீங்க யாருங்க என் வாக்க முறிக்க? ஊருக்குக் குடுத்த வாக்கு. இனிமே எந்த மரத்துல என்ன ஏத்துவான்?"

அவர் சொன்னபடியே ஆயிற்று. முறித்தது நானாக இருந்தாலும், வாக்குத் தவறியவன் என்று ஊர் அவரைத்தான் ஒதுக்கியது. மரம் தள்ளும்போது அவர் கை வைத்தால் மற்றவர்கள் கையை எடுத்துவிடுவார்களாம். கடலுக்குப் போகாமல் அவருக்கு வேறு என்ன தெரியும்? ஆயுள் தண்டனையிலிருந்து காப்பாற்றிப் பட்டினிக்கு அனுப்பியிருக்கிறேன். நாட்டாரிடம் நான் போய்ப் பேசினேன். தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், பதில் மட்டும் சொல்லவில்லை. என் பேச்சுக்கு அங்கே மதிப்புப் போய்விட்டது. கேஸ் முடிந்ததே, இனி இது நம் வேலை இல்லை என்று மனதை ஆற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து நூருதீன் காலையில் தாமதமாக ஸ்டேஷனுக்கு வந்தான். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க போயிட்டு வர்ற?"

"தெக்கு ஊருக்கு சார். மரம் தள்ற நேரத்துக்குப் போயி கலியபெருமாள் அண்ணன் பக்கத்துல நிக்கிறேன்."

"நின்னு?"

"ஒண்ணும் பண்ணல சார். நிக்கிறேன். அவரு தப்பு ஒண்ணும் பண்ணல, கைதுன்னு எழுதுனவன் நான், அவர மரத்துல ஏத்துற வரைக்கும் தெனமும் வருவேன்னு நாட்டார்ட்ட சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுப் போன?"

"யாரையும் கேக்கல சார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான். "நீங்க வேணாம்னாலும் போவேன்."

என் சர்வீஸில் எனக்குக் கீழே இருந்த எவனும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பேச நான் விட்டதும் இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "சீருடையோட போ" என்று மட்டும் சொன்னேன்.

போனான். அந்த வாரம் முழுக்கப் போனான். எனக்கு மறுபடியும் பழைய பயம் பிடித்துக்கொண்டது. தனியாகப் போகிறான், யாராவது கைவைத்துவிட்டால்? அவன் திரும்பும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. ஒரு கான்ஸ்டபிளை அனுப்பலாமா என்று நான் எழுந்தபோது சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கால்சட்டை தொடை வரை நனைந்திருந்தது, பூட்ஸெல்லாம் மணல். அலையில் இறங்கி அவனும் தள்ளியிருக்கிறான்.

"ஏத்திக்கிட்டாங்க சார்" என்றான்.